வெல்லப்பட்டவர்களின் நிச்சயம்



‘கன்விக்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் நம்முடைய சபை வாழ்வில் எப்படியோ குடியேறிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிற வாலிபன், “இன்றைக்கு எனக்குப் பெரிய கன்விக்ஷன்” என்று கண்களைத் துடைத்துக்கொண்டு சொல்லுகிறான். சபைக் கமிட்டியில் ஒரு மூப்பர், “இந்தக் காரியத்தில் எனக்குக் கன்விக்ஷன் உண்டு, நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்” என்று மேசையைத் தட்டுகிறார். மறுநாள் காலையில் ஆங்கிலச் செய்தித்தாளைத் திறந்தால், அதே சொல் நீதிமன்றச் செய்தியில் நிற்கிறது. ஒருவன் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டுச் சிறைக்குப் போகிறான். அழுகிறவனுக்கும், மேசையைத் தட்டுகிறவருக்கும், சிறைக்குப் போகிறவனுக்கும் ஒரே சொல்லா?

தமிழில் இம்மூன்றையும் தாங்குகிற ஒரே சொல் இல்லை. பாவ உணர்வு என்கிறோம், மனவுறுதி என்கிறோம், குற்றத்தீர்ப்பு என்கிறோம். ஆங்கிலமோ மூன்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறது. அது தற்செயல் அல்ல என்பதும், அந்தப் பாத்திரத்தின் வரலாறு நம் விசுவாசத்தைக் குறித்து நாம் மறந்துபோன ஒரு காரியத்தைச் சொல்லுகிறது என்பதும் என் கருத்து.

அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘வின்கெரே’ என்றால் வெல்லுதல். அதற்கு முன்னே அழுத்தம் தருகிற ஓர் எழுத்துத்தொடர் சேர்ந்து ‘கொன்வின்கெரே’ ஆகும்போது, முற்றிலும் மேற்கொள்ளுதல், சான்றுகளால் வாயடைக்கச்செய்தல் என்று பொருள்படும். நம் சபைகளில் விக்டர் என்றும் வின்சென்ட் என்றும் பெயர் பெற்ற சகோதரர்கள் எத்தனையோ பேர்! அவர்களுடைய பெயரும் இந்த வேரிலிருந்து முளைத்ததே. ஆனால் அவர்கள் வெல்லுகிறவர்கள். ‘கன்விக்ட்’ எனப்படுகிறவனோ வெல்லப்பட்டவன். எதிர்வாதம் செய்ய ஒன்றுமில்லாதபடி சாட்சியங்கள் அவனை மேற்கொண்டுவிட்டன.

ஆங்கிலத்தில் குற்றத்தீர்ப்பு என்ற பொருளே இச்சொல்லுக்கு மூத்தது. உறுதியான நம்பிக்கை என்ற பொருள் வெகுகாலம் கழித்துத்தான் அதனோடு வந்து சேர்ந்தது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், தம்மிடத்தில் பாவம் உண்டென்று மெய்ப்பிக்கக்கூடியவர் யார் என்று ஆண்டவர் யூதரைக் கேட்கிற இடத்தில் (யோவான் 8:46), இன்று நாம் ‘நம்பவைத்தல்’ என்ற பொருளில் வழங்குகிற ‘கன்வின்ஸ்’ என்ற சொல்லே வருகிறது. அக்காலத்தில் நம்பவைத்தலும் குற்றத்தை மெய்ப்பித்தலும் தனித்தனி வீடுகளில் குடியிருக்கவில்லை. பின்னாளில்தான் ஒன்று நீதிமன்றத்துக்கும் மற்றொன்று மனதுக்கும் என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பாகப்பிரிவினையில் நமக்கு ஒரு நஷ்டம் உண்டானது. உறுதி என்பது நாம் இறுகப் பிடித்திருக்கிற ஒன்று என்று எண்ணப் பழகிக்கொண்டோம். நம்மை ஒன்று பிடித்துக்கொண்டதால் வருவதே உறுதி என்பது மறந்துபோயிற்று.

இதை ஒரு மனிதருடைய வாழ்க்கையில் காணலாம். 1521ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்தில், பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு முன்பாக மார்ட்டின் லூத்தர் நிறுத்தப்பட்டார். பேரரசருக்கு வயது 21. லூத்தருடைய நூல்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன: இவை உம்முடையவைதாமா? இவற்றில் எழுதியதை மறுதலிக்கிறீரா? நாம் கற்பனை செய்கிற வீரர் உடனே முழங்கியிருப்பார். லூத்தரோ யோசிக்க அவகாசம் கேட்டார். ஒரு நாள் தரப்பட்டது.

மறுநாள், ஏப்ரல் 18ஆம் தேதி, அவர் பதில் சொன்னார். வேதவாக்கியங்களின் சாட்சியினாலோ தெளிவான நியாயத்தினாலோ தாம் ‘கொன்விக்டுஸ்’ ஆக்கப்பட்டாலன்றி மறுதலிக்க முடியாது என்றார். அதே சொல்! குற்றவாளி நிற்கிற இடத்தில் நிற்கிறவர், தம்மை நியாயப்படி வென்றுகாட்டும்படி கேட்கிறார். தொடர்ந்து அவர் தம்மைக் குறித்துச் சொன்னதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தாம் எடுத்துக்காட்டிய வேதவாக்கியங்களால் தாம் வெல்லப்பட்டிருப்பதாகவும், தம் மனச்சாட்சி தேவனுடைய வார்த்தைக்குள் சிறைபிடிக்கப்பட்டிருப்பதாகவும் கூறினார். ‘விக்டுஸ்’, ‘காப்தா’ என்பன அவர் கையாண்ட இலத்தீன் சொற்கள், வெல்லப்பட்டவன், சிறைப்பட்டது. போர்க்களத்தில் தோற்றவனைப் பற்றிப் பேசுகிற சொற்கள் இவை. இங்கே நிற்கிறேன் என்று அவர் முழங்கியதாக நாம் நினைவுகூருகிற வார்த்தைகள், மன்றத்தில் எழுதப்பட்ட குறிப்புகளில் காணப்படுவதில்லை. பின்னர் அச்சான பதிப்புகளிலேதான் வருகின்றன. சுவரொட்டிகளுக்கு அவை ஏற்றவையாயிருக்கலாம். எனக்கு அந்த இரண்டு தோல்விச் சொற்களே போதும். பேரரசுக்கு முன் அவர் அசையாமல் நின்றதற்குக் காரணம், அதற்கு முன்பே வேறோரிடத்தில் அவர் தோற்றுப்போயிருந்ததுதான்.

இனி வேதத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் இந்தக் கருத்தைச் சுமக்கிற சொல் ‘எலெங்கோ’ என்னும் வினை. அதன் பெயர்ச்சொல் ‘எலெங்கோஸ்’. ஏதென்சு நகரத்துச் சாக்ரடீசு, தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணியிருந்தவர்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டு, அவர்கள் வாயினாலேயே அவர்களுடைய அறியாமையை வெளிப்படுத்திய அந்த விசாரணை முறைக்கும் இதுவே பெயர். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்வொரு வினையை இடத்துக்கு ஏற்பப் பலவிதமாய்த் தருகிறது. சகோதரனிடத்தில் போகிற இடத்தில் ‘உணர்த்து’ என்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபத்தில் ‘கண்டனம்பண்ணி’ என்கிறது. ஆண்டவர் யூதருக்குச் சவால் விடுகிற இடத்தில் ‘குற்றப்படுத்த’ என்கிறது. யோவான் 16:8இல், பரிசுத்த ஆவியானவர் உலகத்துக்குச் செய்யப்போகிற வேலையைச் சொல்லும்போது மாத்திரம் இரண்டு வினைகளைச் சேர்த்து, ‘கண்டித்து உணர்த்துவார்’ என்கிறது.

இந்த இரட்டைச் சொல்லை நான் எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். கண்டித்தல் என்பதற்குத் துண்டித்தல், வெட்டுதல் என்ற பொருளும் தமிழில் உண்டு. கண்டம் என்றால் துண்டு. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் இருதயத்தில் குத்துண்டார்கள் என்பதை இத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஆனால் வெட்டியதோடு ஆவியானவருடைய வேலை முடிவதில்லை. உணர்தல் என்பதற்கு அறிதல் மாத்திரமல்ல, துயில் நீங்கி எழுதல் என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு. இன்னொரு பொருள் இன்னும் இனியது. நம் அகப்பாடல்களில் ஊடியிருக்கிற தலைவியின் மனத்தாங்கலைத் தீர்ப்பதற்கும் உணர்த்துதல் என்றே பெயர். திருக்குறளின் காமத்துப்பாலும் ஊடலுக்கும் கூடலுக்கும் நடுவே உணர்தலை வைக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் எழுதினார்கள் என்று நான் வாதிடமாட்டேன். எனினும் அந்தச் சொல் தன் பழைய உறவுகளையெல்லாம் அழைத்துக்கொண்டுதான் வந்து நிற்கிறது.

பழைய ஏற்பாட்டுக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். ‘எலெங்கோ’ என்பதற்கு எபிரெயத்தில் பெரும்பாலும் ஈடாக நிற்பது ‘யாகாக்’ என்னும் வேர். ஏசாயா 1:18இல், சிவேரென்றிருக்கிற பாவங்களையுடைய ஜனத்தைக் கர்த்தர் வழக்காட அழைக்கிறாரே, அங்கே வருகிற வினை இந்த வேரிலிருந்து வந்தது. அந்த வழக்கு தண்டனையில் முடியவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். உறைந்த மழையின் வெண்மையில் முடிகிறது. யோபு 9:33இல், தேவனுக்கும் தனக்கும் நடுவே நின்று இருவர்மேலும் கைவைக்கத்தக்க ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்று யோபு ஏங்குகிறான். அந்த மத்தியஸ்தனுக்கு எபிரெயத்தில் ‘மோகீயாக்’ என்று பெயர், அதே வேர். குற்றத்தை எடுத்துக்காட்டுகிறவரும், நடுவே நின்று இருபுறமும் கைவைக்கிறவரும் ஒருவரே என்று அந்த மொழி நினைக்கிறது.

ஆகவே யோவான் 16ஆம் அதிகாரத்தில் நம்மைக் கண்டித்து உணர்த்துகிறவருடைய பட்டப்பெயரைக் கவனியுங்கள். அவர் ‘பராக்லேத்தோஸ்’, நம் வேதாகமத்தில் தேற்றரவாளன். யோவான் தம்முடைய முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதே சொல்லை இயேசு கிறிஸ்துவுக்கு வழங்கும்போது, பிதாவினிடத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் என்று தமிழில் வாசிக்கிறோம். வழக்கறிஞர் என்றே சொல்லலாம். உலக நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் வேலை. இந்த நீதிமன்றத்திலோ நம் தரப்பு வழக்கறிஞரே நம் பாவத்தை நமக்கு எடுத்துச்சொல்லுகிறார். எதிர்த்தரப்பில் வேறொருவன் இருக்கிறான். வெளிப்படுத்தின விசேஷம் 12:10 அவனைச் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் என்று அடையாளம் காட்டுகிறது.

இவ்விருவருடைய குரலையும் பிரித்தறியாமல் வருந்துகிறவர்கள் நம் நடுவே அநேகர். ஜெபக் கூட்டங்களுக்குப் பின் என்னிடம் தனியே பேசவருகிறவர்களில் பலர், “ஐயா, எனக்கு எப்பொழுதும் குற்றமாகவே இருக்கிறது” என்கிறார்கள். என்ன குற்றம் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. தாய் இறந்தபோது பக்கத்தில் இல்லை, பிள்ளை சரியாகப் படிக்கவில்லை, வேதம் வாசிக்கையில் மனம் அலைகிறது என்று எல்லாம் கலந்து ஒரு பாரமாய் அழுத்துகிறது. இதைப் பாவ உணர்வு என்று போற்றி, இன்னும் அழுங்கள் என்று தூண்டுகிற பிரசங்கங்கள் உண்டு. அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

நாத்தான் தாவீதிடம் வந்ததை நினைத்துப்பாருங்கள். அவன் ராஜாவைப் பார்த்து, நீர் பொல்லாதவர் என்று பொதுவாய்ச் சொல்லவில்லை. ஓர் ஏழையையும் அவன் மடியில் வளர்ந்த ஆட்டுக்குட்டியையும் பற்றிச் சொன்னான். தாவீது கோபமூண்டு, ஆட்டுக்குட்டிக்கு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்தவேண்டும் என்று தன் வாயினாலேயே தீர்ப்புச் சொன்னான். அதன் பிறகே நாத்தான் அந்த மனிதன் யார் என்று காட்டினான். உரியாவின் பெயரைச் சொன்னான், அவன் மனைவியைச் சொன்னான், அம்மோன் புத்திரரின் பட்டயத்தைச் சொன்னான். ஆவியானவர் உணர்த்தும்போது பெயர் உண்டு, ஆள் உண்டு, செயல் உண்டு. அறிக்கை செய்யவும் திருப்பிச் செலுத்தவும் கையில் ஒன்று உண்டு. தாவீது பாவஞ்செய்தேன் என்று சொன்ன அதே வசனத்தில், கர்த்தர் அவன் பாவம் நீங்கச்செய்தார் என்னும் வார்த்தையும் வந்துவிடுகிறது. விளைவுகள் கசப்பாய்த் தொடர்ந்தன. ஆனால் வழக்கு அங்கே முடிந்தது. பெயரில்லாத, முடிவில்லாத குற்ற பாரம் உங்களை நெடுநாளாய் அழுத்துமானால், அது வேறோரிடத்திலிருந்து வருகிறதா என்று சோதியுங்கள். சில வேளை அதற்கு மருத்துவரையும் பார்க்கவேண்டியதிருக்கும். அதில் வெட்கம் இல்லை.

இப்பொழுது மேசையைத் தட்டுகிற மூப்பருக்கு வருகிறேன். ‘எலெங்கோஸ்’ என்னும் அதே பெயர்ச்சொல் எபிரெயர் 11:1இல், காணப்படாதவைகளைக் குறித்த விசுவாசத்தின் இலக்கணமாக வருகிறது. நம் மொழிபெயர்ப்பில் ‘நிச்சயம்’. ஆக, பாவத்தை உணர்த்துவதற்கும் விசுவாசத்தின் உறுதிக்கும் கிரேக்கத்திலும் ஒரே வேர். பவுல் எதனாலும் நம்மைத் தேவ அன்பைவிட்டுப் பிரிக்கமுடியாது என்று ரோமருக்கு எழுதும்போது, தமிழில் ‘நிச்சயித்திருக்கிறேன்’ என்று வாசிக்கிறோம். அவரே தீர்மானம் செய்துகொண்டதுபோல் அது ஒலிக்கிறது. கிரேக்கத்தில் அது செயப்பாட்டுவினை. ‘நான் நிச்சயிக்கப்பட்டிருக்கிறேன்’ என்று சொன்னால்தான் மூலத்துக்கு அருகே வரும். தமஸ்கு வழியில் கீழே விழுந்த மனிதர் வேறெப்படி எழுதுவார்? சபையைத் துன்பப்படுத்தப் புறப்பட்டபோதும் அவருக்கு அசைக்கமுடியாத உறுதி இருந்தது. அந்த உறுதி அவரை ஒருநாளும் வென்றதில்லை. அதைக்கொண்டு அவர் மற்றவர்களைத்தான் வென்றுகொண்டிருந்தார்.

பேதுருவும் இப்படியே. யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோனின் மேல்வீட்டில் ஜெபிக்கையில், தீட்டானதை ஒருபோதும் புசித்ததில்லை என்று கர்த்தரிடமே வாதாடினார். மூன்றுதரம் அந்தக் கூடு இறங்கவேண்டியிருந்தது. பிறகுதான் செசரியாவில் கொர்நேலியுவின் வாசலைத் தாண்டினார். அதற்குப் பின்னும் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்ணாமல் பின்வாங்கினார்; பவுல் அவரை முகமுகமாய் எதிர்க்கவேண்டியதாயிற்று. வெல்லப்படுதல் ஒருமுறையோடு முடிவதில்லை.

நம்முடைய தேசத்துச் சபை வரலாற்றிலும் இது நடந்தது. 1833ஆம் ஆண்டு கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் கைவிடப்படவேண்டும் என்று எழுதினார். ஆலயத்தில் தனித்தனியே அமர்வதும், திருவிருந்துக்கு வருவதில் முன்பின் வரிசை பார்ப்பதும் அந்நாளில் வழக்கமாயிருந்தன. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அநேகர் சபையைவிட்டு விலகினார்கள். சாதி சமயக் காரியமல்ல, அது உலக வழக்கம் மாத்திரமே என்பது அவர்களுடைய வாதம். அவர்களும் ஜெபிக்கிறவர்கள், வேதம் வாசிக்கிறவர்கள், தாங்கள் சொல்லுவது சரியென்று உறுதியாய் நம்பினவர்கள். அந்த உறுதியை வசனத்தின் முன்னே வைத்து, இது தோற்றுப்போகலாம் என்று ஒப்புக்கொடுக்கத்தான் அவர்களால் முடியவில்லை. இன்றைக்கும் மகனுக்கோ மகளுக்கோ வரன் தேடுகையில் ‘நம்முடைய ஆட்கள்’ வேண்டும் என்று பேசுகிற நாம், அவர்களைக் குறித்து மிகவும் தலையசைக்க வேண்டாம்.

பவுல் ரோமர் 14ஆம் அதிகாரத்தில், ஒரு பொருளும் தன்னில்தானே தீட்டுள்ளதல்ல என்று தாம் அறிந்து நிச்சயித்திருப்பதாக எழுதுகிறார். எழுதிய கையோடு, சகோதரன் இடறுவானானால் மாம்சம் புசியாதிருப்பதே நலம் என்கிறார். தன் உறுதி சரியென்று அறிந்தவர், அதற்குரிய உரிமையைப் பிறனுக்காக விடுகிறார். கமிட்டியில் நாம் கேட்கிற கன்விக்ஷனோ பெரும்பாலும் அடுத்தவர் எதை விடவேண்டும் என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. பெண்கள் என்ன உடுத்தவேண்டும், வாலிபர் எந்தக் கருவியை வாசிக்கக்கூடாது, யாருடைய வீட்டு விசேஷத்துக்குப் போகக்கூடாது. இப்படிச் சொல்லுகிற சகோதரரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: இந்தக் காரியத்தில் வசனம் உம்மை எப்பொழுது மேற்கொண்டது? அதற்காக நீர் எதை இழந்தீர்? இதற்குப் பதில் உண்டானால் நான் உட்கார்ந்து கேட்பேன். மேசையைத் தட்டவேண்டிய அவசியமும் இராது.

மத்தேயு 18:15இல், குற்றஞ்செய்த சகோதரனுக்கு அவன் குற்றத்தை உணர்த்தும்படி ஆண்டவர் கட்டளையிடுகிறபோதும் இதே ‘எலெங்கோ’தான். ஆவியானவருடைய வேலையைச் சொன்ன அந்தக் கனமான சொல்லை நம் கையிலும் தருகிறார். ஆனால் ஓர் எல்லை போடுகிறார். போகவேண்டியவன் தவறிழைக்கப்பட்டவன். இருவரும் தனித்திருக்கவேண்டும். சாட்சிகள் அதற்குப் பிறகு. சபை அதற்கும் பிறகு. நாமோ முதலாவது வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறோம்; இரண்டாவது உறவினரிடம் சொல்லுகிறோம்; அந்தச் சகோதரனுக்குச் செய்தி போய்ச்சேருவது கடைசியில்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அதற்குள் உங்களில் யாருக்காவது ஒருவருடைய வீட்டுக்குப் போகவேண்டியதிருந்தால், தயவுசெய்து தனியாய்ப் போங்கள். நாத்தானைப்போல் முதலில் கதை சொல்லத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. உள்ளே அழைத்து உட்காரச் சொன்னால் உட்காருங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள்.